34 கம்பிகளின் பயணம்

பழைய பர்சனல் கம்ப்யூட்டர் ஒன்றின் ஃபிளாப்பி டிரைவை மாற்றுவதற்காக மூடியைக் கழற்றினால், டிரைவின் முதுகிலிருந்து மதர்போர்டு வரை சாம்பல் நிறத்தில் பட்டையாக ஒரு கேபிள் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. எண்ணினால் 34 கம்பிகள். இந்த எண் 1976இல் முடிவானது. அதன் பிறகு டிரைவ் சிறுத்தது, டிஸ்க் சிறுத்தது, கொள்ளளவு பத்து மடங்குக்கு மேல் பெருகியது, கடைசியில் டிஸ்க்கே இல்லாமல் போனது. கம்பிகளின் எண்ணிக்கை மட்டும் அப்படியே நின்றது. ஃபிளாப்பி டிரைவின் வரலாற்றை டிஸ்க்கை வைத்துச் சொல்வதுதான் வழக்கம். இந்தக் கேபிளை வைத்துச் சொல்வதே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். 40 வயதான ஒரு மெஷினில் போன வருடம் தயாரான டிரைவை இன்றைக்கும் மாட்ட முடிகிறது என்றால், அதற்குக் காரணம் இந்தக் கேபிள்தான்.

டிரைவ் பிறந்த காரணமே வேறு. 1960களின் கடைசியில் ஐபிஎம் தன் புதிய மெயின்ஃப்ரேம் வரிசையான சிஸ்டம்/370ஐ உருவாக்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் அந்த மெஷின்களின் உள்கட்டளைகள் அழிந்துவிடும். மைக்ரோகோடு எனப்படும் அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்ற வேண்டும். அதில் ஒரு திருத்தம் செய்தால் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அனுப்பவும் வேண்டும். மலிவாகவும் தபாலில் போகிற அளவு லேசாகவும் ஏதாவது செய்து கொடுங்கள் என்று 1967இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே ஆய்வகத்துக்கு வேலை வந்தது. அங்கே மேலாளராக இருந்தவர் ஆலன் ஷுகார்ட். வேலையைக் கையில் எடுத்த பொறியாளர் டேவிட் நோபிள். டேப்பையும் பார்த்துவிட்டு, இரும்பு ஆக்சைடு பூசிய 8 அங்குல மைலார் தகட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தூசு பெரிய தொல்லையாக இருந்தது. தகட்டை ஓர் உறைக்குள் வைத்து, உறையின் உட்புறத்தில் மெல்லிய துணியை ஒட்டி, சுற்றச் சுற்றத் தானே துடைத்துக்கொள்ளும்படி செய்த பிறகுதான் காரியம் கைகூடியது. 1971இல் வெளிவந்த அந்த டிரைவ் சுமார் 80 கிலோபைட்டைப் படிக்கும். எழுதத் தெரியாது.

எழுதவும் தெரிந்த டிரைவை ஐபிஎம் 1973இல் தன் 3740 டேட்டா என்ட்ரி மெஷினில் வைத்தது. ஒரு டிஸ்க்கில் கிட்டத்தட்ட 3,000 பஞ்ச் கார்டுகளின் விவரம் அடங்கியது. கார்டு அடுக்கிய அலமாரிகள் அலுவலகங்களிலிருந்து வெளியேறத் தொடங்கின. அதே 1973இல் ஷுகார்ட் தன் பெயரில் தனி நிறுவனம் தொடங்கினார். மறு வருடமே அதை விட்டு விலகினார். பிற்பாடு ஹார்டு டிஸ்க் பக்கம் போய் சீகேட்டைத் தொடங்கியவரும் அவர்தான். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் அவர் இல்லாமலே 1976இல் எஸ்ஏ-400 என்ற டிரைவை வெளியிட்டது. நம் கதை இங்கேதான் சூடு பிடிக்கிறது.

8 அங்குல டிரைவ் ஒரு மேஜை மெஷினுக்குப் பெரிது, விலையும் அதிகம். 50 கம்பிகள், நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும் கனமான மோட்டார். வேர்ட் பிராசஸர் தயாரித்த வாங் நிறுவனம் இதைவிடச் சிறிதாக, இதைவிட மலிவாக ஒன்று வேண்டும் என்று கேட்டது. ஜிம் அட்கிசன், டான் மசாரோ இருவரும் அதற்குக் கொடுத்த பதில்தான் 5¼ அங்குல டிஸ்க். எஸ்ஏ-400இன் முகப்பு அகலம் 5¾ அங்குலம், உயரம் 3¼ அங்குலம். பிற்காலத்தில் சிடி டிரைவுக்கென்று நாம் பார்த்த இடத்தின் அகலமும் அதே 5¾ அங்குலம்தான். உயரம் மட்டும் பாதி.

அந்த டிரைவுக்கு 34 கம்பிகள் போட்டார்கள். ஒற்றைப்படை எண் கொண்ட 17 கம்பிகளும் கிரவுண்டு. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் சிக்னல்கள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. இரட்டைப்படைக் கம்பிகளில்தான் பேச்சுவார்த்தை நடக்கும். 20ஆம் கம்பியில் ஒரு துடிப்பு வந்தால், டிஸ்க்கைப் படித்து எழுதும் ஹெட் ஒரு டிராக், அதாவது டிஸ்க்கின் ஒரு வட்டப்பாதை, நகர வேண்டும். எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை 18 சொல்லும். ஹெட் வெளி விளிம்பின் முதல் டிராக்குக்கு வந்துவிட்டது என்று டிரைவ் 26இல் தெரிவிக்கும். எழுத வேண்டியது 22இல் போகும், படித்தது 30இல் திரும்பி வரும். டிஸ்க் ஒரு சுற்று முடிக்கும் ஒவ்வொரு தடவையும் 8ஆம் கம்பியில் ஒரு துடிப்பு. நிமிடத்துக்கு 300 சுற்று என்பதால், நொடிக்கு ஐந்து துடிப்பு.

இவ்வளவுதான். டிஸ்க் எதனால் ஆனது, ஹெட்டை நகர்த்துவது எந்த வகை மோட்டார், டிரைவ் எவ்வளவு உயரம் என்பதைப் பற்றிக் கேபிளுக்கு எந்த அக்கறையும் இல்லை. ‘நகரு’ என்றால் நகர வேண்டும், படித்ததைத் தர வேண்டும். இந்த அலட்சியம்தான் அதன் ஆயுள் ரகசியம். மற்ற நிறுவனங்கள் இதே கம்பி வரிசையில் டிரைவ் செய்யத் தொடங்கின. ஆப்பிள் மட்டும் தன் வழியே போயிற்று. 1978இன் டிஸ்க்-2வுக்காக ஸ்டீவ் வாஸ்னியாக் ஷுகார்ட் டிரைவின் எலக்ட்ரானிக்ஸில் பெரும் பகுதியைக் கழற்றிவிட்டு, அந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார். அற்புதமான வேலை அது. ஆனால் ஆப்பிளுக்கு வெளியே அதற்கு வாரிசு உருவாகவில்லை.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. அதன் டிரைவைக் கொடுத்தது கலிபோர்னியாவின் டாண்டன் நிறுவனம். அதை நடத்தியவர் இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டன். ஒரு பக்கம் மட்டும் எழுதும் அந்த டிரைவில் 160 கிலோபைட். அதாவது 40 டிராக், டிராக்குக்கு 8 செக்டர், செக்டருக்கு 512 பைட். டிஸ்க்கின் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் தொட்டுப் படிக்கும் ஹெட் அமைப்புக்கான காப்புரிமையும் டாண்டனிடம்தான் இருந்தது. அடுத்த வருடமே இரு பக்கமாகி 320 ஆயிற்று. 1983இல் பிசியின் இயங்குதளமான டாஸ் 2.0 வந்தபோது டிராக்குக்கு 9 செக்டர் வைத்து 360 கிலோபைட் ஆனது. இந்தக் கடைசித் தாவலுக்கு டிரைவில் ஒரு திருகைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கேபிளில் ஐபிஎம் ஒரே ஒரு காரியம் செய்தது. இரண்டு டிரைவ் உள்ள மெஷினில் எது ஏ, எது பி என்று சொல்ல, அதுவரை ஒவ்வொரு டிரைவிலும் ஜம்பரை மாற்றி வைக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் இது தாமதம், கடையில் இது குழப்பம். ஐபிஎம் எல்லா டிரைவுக்கும் ஒரே ஜம்பர் அமைப்பை வைத்துவிட்டு, கேபிளின் 10 முதல் 16 வரையிலான ஏழு கம்பிகளை மட்டும் வெட்டி, ஒரு முறுக்கு முறுக்கி, தலைகீழாக ஒட்டியது. முறுக்குக்குப் பிறகு கடைசி முனையில் இருப்பது ஏ. முறுக்குக்கு முன்னால் இருப்பது பி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிஸ்டம் அசெம்பிள் செய்து பழகிய யாரைக் கேட்டாலும் “முறுக்கு இருக்கிற முனை ஏ டிரைவுக்கு” என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். காரணம் தெரியாமலே சரியாகச் செய்ய வைத்த ஓர் அருமையான வடிவமைப்பு அது.

உண்மையான ‘அப்கிரேடு’ என்ற தலைவலி 1984இல் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் வந்த ஐபிஎம் ஏடி மெஷினில் 1.2 மெகாபைட் டிரைவ் இருந்தது. டிராக் 40இலிருந்து 80 ஆயிற்று, செக்டர் 15 ஆயிற்று, வேகம் நிமிடத்துக்கு 360 சுற்று ஆயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் பழைய 5¼ அங்குல டிரைவேதான். பழைய 360 டிஸ்க்கையும் அது படிக்கும். ஒரு டிராக் விட்டு ஒரு டிராக் தாவிப் படிக்கும். அதனால் 360 டிரைவைக் கழற்றிவிட்டு 1.2 போட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நம்பினார்கள். அவர்களின் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் பழைய மெஷின்களில் படிக்காமல் போயின.

காரணம் ஹெட்டின் அகலம். 360 டிரைவ் எழுதும் டிராக் சுமார் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலம். 1.2 டிரைவ் எழுதுவது ஏறக்குறைய அதில் பாதி. அகலமாகப் போட்ட காவிப் பட்டையின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோலக்கோடு இழுத்ததைப் போல, பழைய தகவலின் நடுவே மட்டும் புதிய தகவல் பதியும். இரண்டு ஓரங்களிலும் பழையது மிச்சம் இருக்கும். மெல்லிய ஹெட் உள்ள 1.2 டிரைவுக்கு நடுக்கோடு மட்டும் தெரிவதால் பிரச்சினை இல்லை. அதே டிஸ்க்கைப் பக்கத்து அலுவலகத்தின் 360 டிரைவில் போட்டால், அதன் அகலமான ஹெட் பழையதையும் புதியதையும் சேர்த்துப் படித்துத் திணறும். தப்பிக்க ஒரு வழி உண்டு. காந்தத்தால் முழுக்கத் துடைத்த டிஸ்க்கை 1.2 டிரைவிலேயே 360ஆக ஃபார்மட் செய்து, அதிலேயே எழுதிக் கொடுத்தால் பழைய டிரைவ் படித்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பழைய டிரைவில் ஒருமுறை எழுதிவிட்டால் மறுபடி சிக்கல்தான். டிஸ்க்கின் பூச்சும் வேறு. 1.2க்கான பூச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவான காந்தப் புலம் கேட்கும். விலை அதிகமான டிஸ்க் நல்லதாக இருக்கும் என்று எண்ணி அதை 360 டிரைவில் போட்டவர்களுக்கு ஃபார்மட்டே ஆகவில்லை.

3½ அங்குலம் இந்த வலியைப் பெருமளவு தவிர்த்தது. 1980களின் தொடக்கத்தில் சிறிய டிஸ்க்குக்குப் பல போட்டியாளர்கள் இருந்தார்கள். ஹிட்டாச்சி, மட்சுஷிடா கூட்டணியின் 3 அங்குலம், டைசனின் 3¼ அங்குலம், சோனியின் 3½ அங்குலம். சோனியின் முதல் டிரைவ் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றியது. பல நிறுவனங்கள் 1982இல் குழுவாகக் கூடித் தரம் வகுத்தபோது அது 300 சுற்றுக்கு இறங்கியது. 5¼ அங்குல டிரைவின் அதே வேகம், பிசிக்கு வந்த டிரைவுகளில் அதே 34 கம்பிகள். மெஷினுக்குள் டிரைவை நடத்தும் கண்ட்ரோலருக்குத் தன் எதிரே உடம்பு மாறியது தெரியவே தெரியாது. 1984இல் மேக்கின்டாஷ், 1985இல் அடாரி எஸ்டியும் அமிகாவும், 1986இல் 720 கிலோபைட்டுடன் ஐபிஎம்மின் முதல் லேப்டாப், 1987 ஏப்ரலில் 1.44 மெகாபைட்டுடன் பிஎஸ்/2 என்று சில வருடங்களில் சோனியின் டிஸ்க் மேஜைகளைப் பிடித்துவிட்டது. 720இலும் 1.44இலும் டிராக்கின் அகலம் ஒன்றே. ஆகவே காவிப் பட்டைச் சிக்கல் இங்கே இல்லை. 1.44 டிஸ்க்கின் மூலையில் கூடுதலாக ஒரு துளை இருக்கும். அதை வைத்து டிரைவ் அடையாளம் காணும். 720 டிஸ்க்கில் துளை போட்டு 1.44ஆகப் பயன்படுத்தியவர்களும் நிறையப் பேர். அப்படித் துளை போட்டவற்றில் வைத்த எதையும் நான் நம்பமாட்டேன்.

1.44 டிரைவை ஒரு பழைய ஐபிஎம் எக்ஸ்டி மெஷினில் மாட்ட நினைப்பவர் கேபிளின் எல்லையை அப்போதுதான் உணர்வார். கம்பிகள் பொருந்தும், பேச்சின் வேகம் பொருந்தாது. எக்ஸ்டியின் கண்ட்ரோலர் நொடிக்கு 250 கிலோபிட் மட்டும் கையாளும். 1.44க்கு 500 வேண்டும். அந்த மெஷினின் தொடக்க மென்பொருளான பயாஸுக்கோ 360 தவிர வேறு டிரைவ் உலகில் இருப்பதே தெரியாது. 720 டிரைவ் என்றால் அதே 250இல் ஓடிவிடும். டாஸ் 3.2இலிருந்து கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைலில் டிரைவர் டாட் சிஸ் என்பதற்கு ஒரு வரி எழுதினால், 80 டிராக் உள்ள டிரைவ் ஒன்று இருக்கிறது என்று டாஸ் புரிந்துகொள்ளும். 1.44தான் வேண்டும் என்றால், தனக்கென பயாஸ் சிப் வைத்த கண்ட்ரோலர் கார்டு ஒன்றைத் தேடி வாங்க வேண்டும். எக்ஸ்டி வைத்திருப்பவர் யோசனை கேட்டால் 720ஐயே நான் சொல்வேன். அந்த மெஷினின் தேவைக்கு அது தாராளம். அசல் கண்ட்ரோலரும் தன் இடத்தில் இருக்கும்.

மாட்டுகிற வேலையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 5¼ டிரைவின் பின்னால் இருப்பது சர்க்யூட் போர்டின் விளிம்பு, அதற்கு அகலமான கனெக்டர். 3½ டிரைவில் ஊசி வரிசை. பவர் கனெக்டரும் பெரியது போய்ச் சிறியது வரும். சிவப்பில் 5 வோல்ட், மஞ்சளில் 12 வோல்ட், கறுப்பு கிரவுண்டு. ரிப்பனின் சிவப்புக் கோடு முதல் ஊசியின் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஸ்விட்சைப் போட்ட மறு கணமே டிரைவின் முன்விளக்கு எரியத் தொடங்கும், அணையவே அணையாது. இரட்டைப்படை ஊசிகள் இருக்க வேண்டிய இடத்தில் கிரவுண்டு வந்து உட்கார்ந்துவிடுவதால், எல்லாக் கட்டளையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதாக டிரைவ் எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் சேதம் ஆகாது, ஆனால் டிஸ்க் ஏதும் உள்ளே இருக்கக் கூடாது. எழுதும் கட்டளையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

இன்னொரு கோளாறு இதைவிட ஆபத்து, ஏனென்றால் அது கோளாறு மாதிரியே தெரியாது. ஒரு டிஸ்க்கைப் போட்டு டிர் என்று அடிக்கிறீர்கள், ஃபைல் பட்டியல் வருகிறது. அதை எடுத்துவிட்டு வேறு டிஸ்க்கைப் போட்டு மறுபடி டிர் அடிக்கிறீர்கள். முந்தைய டிஸ்க்கின் பட்டியலே வருகிறது. இது 34ஆம் கம்பியின் வேலை. ஐபிஎம் வழியில் அந்தக் கம்பி ‘டிஸ்க் மாறிவிட்டது’ என்று சொல்லும். வேறு பல மெஷின்களில் அதே கம்பி ‘நான் தயார்’ என்று சொல்லும். அமிகாவிலிருந்தோ ஏதாவது தொழிற்சாலை மெஷினிலிருந்தோ கழற்றிய டிரைவைப் பிசியில் மாட்டினால் இது நேரலாம். பழைய பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டே டாஸ் புதிய டிஸ்க்கில் எழுதினால், இரண்டாவது டிஸ்க் நாசம். டிரைவை மாற்றிய பிறகு முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், அதுவும் தேவையில்லாத இரண்டு டிஸ்க்குகளை வைத்து.

1998 ஆகஸ்டில் ஆப்பிள் ஐமேக்கை ஃபிளாப்பி டிரைவ் இல்லாமல் விற்றது. 2003இல் டெல் தன் மேஜைக் கம்ப்யூட்டர்களிலிருந்து அதை எடுக்கத் தொடங்கியது. ஜப்பானில் டிஸ்க் விற்பனையை 2011 மார்ச்சோடு நிறுத்துவதாக சோனி 2010இல் அறிவித்தது. மதர்போர்டுகளிலிருந்து 34 ஊசிகளும் மறைந்தன.

ஆனால் மேஜைகளில் முடிந்த கதை தொழிற்சாலைகளில் முடியவில்லை. 30 வருடம் ஓடும் என்று வாங்கிப்போட்ட மெஷினை டிரைவ் கிடைக்கவில்லை என்பதற்காக யார் தூக்கிப் போடுவார்கள்? எம்பிராய்டரி மெஷின், சிஎன்சி லேத், இசைக் கீபோர்டு, நெசவு மெஷின் என்று ஃபிளாப்பியில் டிசைனும் புரோகிராமும் வாங்கிக்கொள்ளும் ஏராளமான மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. போயிங் 747-400 விமானத்தின் வழிகாட்டித் தகவல்களை 28 நாட்களுக்கு ஒருமுறை 3½ அங்குல டிஸ்க்கில் எடுத்துப்போய்ப் புதுப்பித்தார்கள். அமெரிக்க அணு ஏவுகணைப் படையின் செய்தித் தொடர்பு அமைப்பு 2019 வரை 8 அங்குல டிஸ்க்கில் ஓடியது. சான் பிரான்சிஸ்கோவின் நகர ரயிலை இயக்கும் மென்பொருள் 1998இலிருந்து 5¼ அங்குல டிஸ்க்கில்தான் ஏற்றப்பட்டுவந்தது. அதை மாற்ற ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்துக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுக்க நகரப் போக்குவரத்து வாரியம் 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது.

அந்தத் தொழிற்சாலைகளுக்காகச் சீனாவில் ‘கோடெக்’ என்ற பெயரில் ஒரு பெட்டி வந்தது. 3½ அங்குல டிரைவின் அதே அளவு, அதே திருகுத் துளைகள், பின்னால் அதே 34 ஊசிகள். முன்னால் டிஸ்க் போடும் வாயிருந்த இடத்தில் ஒரு யுஎஸ்பி பொருத்துவாய், இரண்டு பட்டன், எண் காட்டும் சின்னத் திரை. உள்ளே மோட்டார் இல்லை, ஹெட் இல்லை, ஒரு மைக்ரோகண்ட்ரோலர் சிப் மட்டும். 20ஆம் கம்பியில் துடிப்பு வரும்போது நகர எதுவும் இல்லை. சிப் தன் மனக்கணக்கில் ஒரு டிராக்கைக் கூட்டிக்கொள்கிறது. பென் டிரைவில் உள்ள டிஸ்க் இமேஜிலிருந்து, அதாவது டிஸ்க்கின் முழு நகல் ஃபைலிலிருந்து, அந்த டிராக்கின் தகவலை எடுத்து, அந்த மெஷின் எதிர்பார்க்கும் காலக் கணக்கில் 30ஆம் கம்பியில் அனுப்புகிறது. சுற்றுவதற்கு ஏதும் இல்லாதபோதும் 8ஆம் கம்பியில் நொடிக்கு ஐந்து துடிப்பு தவறாமல் போகிறது. எதிர்முனையில் இருக்கும் பழைய மெஷின் ஏமாறவில்லை என்றே சொல்வேன். அது கேட்டதெல்லாம் அதற்குச் சரியாகக் கிடைக்கிறது.

கோடெக்கோடு வரும் மென்பொருள் கொஞ்சம் முரட்டுத்தனமானது. பென் டிரைவைத் தன் முறையில் நூறு துண்டாக்கி 00 முதல் 99 வரை எண் கொடுக்கும். இதை உருமாற்றியவர்கள் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள். பிரான்ஸின் ஜான் பிரான்சுவா டெல் நேரோ ஏற்கெனவே எச்எக்ஸ்சி என்ற பெயரில் இப்படிப்பட்ட போலி டிரைவுகளை வடிவமைத்து வழி காட்டியிருந்தார். பிரிட்டனின் கீர் ஃப்ரேசர் கோடெக்குக்காகவே ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார். அதை ஏற்றினால் சாதாரண முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஃபைல்களைப் பெயரோடே வைத்துக்கொள்ளலாம். ஐபிஎம், அமிகா, அடாரி என்று எந்த மெஷினுக்கும் அதன் பாஷையில் பேச வைக்கலாம். பெயரைக் காட்டும் ஓஎல்இடி திரையும் திருகு குமிழும் சேர்த்துக்கொள்ளலாம். ஹெட் நகரும் ‘கர்ர்’ சத்தத்துக்குச் சின்ன ஸ்பீக்கர்கூட மாட்டலாம். 1.44 இமேஜ் ஒன்று 14,74,560 பைட் என்பதால் 32 ஜிபி பென் டிரைவில் 21,000 டிஸ்க்குக்கு மேல் அடங்கும். முறுக்குக் கேபிள் உள்ள பிசியில் எஸ்-1 என்ற இடத்தில் ஜம்பர் போட வேண்டும். மற்றதெல்லாம் பழைய கதைதான், சிவப்புக் கோடு உட்பட.

பழைய கம்ப்யூட்டரை ஓட வைக்க விரும்புகிறவருக்கு இன்று இதைவிட நல்ல அப்கிரேடு இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. புதிய டிஸ்க் செய்வார் இல்லை. கையில் இருக்கும் டிஸ்க் ஒவ்வொரு ஓட்டத்திலும் தேய்கிறது, ஏனென்றால் ஃபிளாப்பியின் ஹெட் ஹார்டு டிஸ்க் போல மிதப்பதில்லை, தகட்டைத் தொட்டு உரசியே படிக்கிறது. ஆனால் ஒன்று. கோடெக்கால் டிஸ்க்கைப் படிக்க முடியாது. கழற்றிய பழைய டிரைவைக் குப்பையில் போடுகிறவர் தன் டிஸ்க்குகளின் கடைசிச் சாவியையும் சேர்த்துப் போடுகிறார். கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவுகள் 3½ அங்குலத்தில் 720உம் 1.44உம் மட்டும் படிக்கும். 5¼ டிஸ்க்குக்கும் அமிகா டிஸ்க்குக்கும் அவை உதவா. ஃப்ரேசரே வடிவமைத்த கிரீஸ்வீசல் என்ற சிறிய போர்டு, பழைய டிரைவின் 34 ஊசிகளை இன்றைய லேப்டாப்பின் யுஎஸ்பியோடு இணைத்து, டிஸ்க்கின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்கிறது. தகவலாகப் பிரித்தெடுக்கும் வேலையை நிதானமாகப் பிறகு செய்துகொள்ளலாம். அதற்கும் நிஜ டிரைவ் ஒன்று வேண்டும்.

அந்த டிரைவை எடுத்தவுடன் டிஸ்க்கைத் திணித்துவிடக் கூடாது. பல வருடம் சும்மா கிடந்த 3½ டிரைவில் டிஸ்க்கை ஏற்றி இறக்கும் தகட்டின் கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். டிஸ்க்கை உள்ளே தள்ளுவீர்கள், போகும். வெளியே எடுக்கும் பட்டனை அழுத்தினால் தகடு பாதியில் நிற்கும். மேல் ஹெட் இன்னும் முழுக்கத் தூக்கியிருக்காது. அந்த நிலையில் டிஸ்க்கைப் பிடித்து இழுத்தால் அதன் உலோக மூடி ஹெட்டைக் கொக்கியாகப் பிடித்துப் பிய்த்துவிடும். மேலே மூடியைத் திறந்து, பழைய கிரீஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகத் துளி இட்டு, பட்டனை அழுத்தினால் தகடு ‘டக்’கென்று தானாகவே எழும்புகிறதா என்று பார்த்த பிறகே டிஸ்க் போட வேண்டும். ஹெட் இரண்டையும் அதே ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் மெதுவாகத் துடைக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் டிஸ்க்கில் பூஞ்சை பிடிப்பது சகஜம். 3½ டிஸ்க்கின் உலோக மூடியை விரலால் நகர்த்தி, தகட்டைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ வட்டக் கீறலோ தெரிந்தால் அதை டிரைவில் போடாதீர்கள். ஹெட்டில் பூஞ்சை ஒட்டிக்கொண்டால் அடுத்த நல்ல டிஸ்க்கையும் அது கீறிவிடும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1990களில் தமிழில் கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு பரவிய காலத்தில் எத்தனையோ சிற்றிதழ்கள், கவிதைத் தொகுப்புகள், ஆய்வேடுகள், ஊர்க் கோயில் மலர்கள் டிடிபி கடைகளில் ஃபிளாப்பியில்தான் கைமாறின. அச்சான பிரதி செல்லரித்துப்போன நூலுக்கு அந்த டிஸ்க் மட்டுமே மிச்சமாக இருக்கலாம். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று தரம் அறிவிக்கும் வரை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் சொந்தக் குறியீட்டை வைத்திருந்தது. ஆகவே ஃபைல் கிடைத்தாலும் அதன் எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.

வீட்டிலோ அச்சகத்திலோ அப்படி ஒரு டிஸ்க் பெட்டி இருந்தால் இந்த வருடமே எடுத்துப் பாருங்கள். முதலில் எழுத்துத் தடுப்பைப் போட்டுவிடுங்கள். 3½ டிஸ்க்கில் மூலைச் சாளரம் திறந்திருக்க வேண்டும். 5¼ டிஸ்க்கில் பக்கவாட்டு வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும். டிரைவில் போட்டதும் ‘டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிஸ்க்கை வெளியே எடுத்து விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். படிக்கிற டிஸ்க்கை முழு இமேஜாக நகல் எடுங்கள். அந்தப் பெட்டியிலேயே எழுத்துரு டிஸ்க்கும் இருக்கலாம், அதையும் விடாமல் சேர்த்து எடுங்கள்.